மோட்டார் கிடக்கட்டும், முதல்ல வண்டி நிக்கட்டும்!

பி.காம் படிக்கிறவனுக்கு ரிமோட் கார்ல என்ன வேலைன்னு கேக்கப்படாது. வரவு-செலவு இருக்கிற எடத்துல எல்லாம் நமக்கு வேலை இருக்கு :-)

விஷயம் இதுதான். பழவேற்காட்டுல எங்க குப்பத்துப் பசங்க நாலு பேர் பங்கு போட்டு பழைய ஆர்.சி. மான்ஸ்டர் டிரக் ஒண்ணு வாங்கியிருக்கோம். என் பங்கு, லீவுல மீன் ஏலத்துல கணக்கெழுதிச் சேத்த காசு. ஏரியில மீன்பிடிக்கப் பாடு முறை இருக்கிற மாதிரி வண்டிக்கும் வெச்சிருக்கோம். இன்னிக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. சண்டை இல்லை.

இப்ப சண்டை வந்திருக்கு. வண்டி வளைவுல கவுந்துக்கிட்டே இருக்கு. மத்த மூணு பேரும் சொல்ற வைத்தியம், "பெரிய பிரஷ்லெஸ் மோட்டார் போடலாம்டா". மோட்டார், ஸ்பீட் கண்ட்ரோலர், லிபோ பேட்டரி எல்லாம் சேத்து விசாரிச்சா பத்தாயிரத்தைத் தாண்டுது. ஒருத்தன் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு வெச்சிருக்கிற காசை எடுக்கவே தயாராயிட்டான். கவுற வண்டிக்கு வேகம் கூட்டினா, இன்னும் வேகமாக் கவுறும். அவ்வளவுதான்!

மான்ஸ்டர் டிரக்கோட பொறப்பே இப்படித்தான். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் பக்கம் பாப் சாண்ட்லர்னு ஒருத்தர், தன்னோட ஃபோர்டு பிக்கப்பை ஒசத்தி ஒசத்தி 'பிக்ஃபுட்' ஆக்கினார். 1981-ல பழைய கார்கள் மேல ஏத்தி நசுக்கினதும் ஊரெல்லாம் பிரபலம். ஜப்பான்ல டமியா கம்பெனி 1987-ல விட்ட 'கிளாட் பஸ்டர்' அதோட குட்டி வடிவம் மாதிரி. முன் அச்சுல ஒரு மோட்டார், பின் அச்சுல ஒரு மோட்டார், நாலு சக்கரமும் திரும்பும். பாக்க ராஜா மாதிரி இருக்கும். ஆனா வாங்கினவங்க விழுந்து விழுந்து மாத்தினது அதோட சேசிஸையும் சஸ்பென்ஷனையும்தான். உசரம்தான் இந்த வண்டிகளோட அழகு, உசரம்தான் வியாதியும்.

கணக்கு ரொம்ப சிம்பிள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற அகலத்துல பாதியை எடுத்துக்கோங்க. அதை வண்டியோட எடை மையம் தரையிலருந்து இருக்கிற உசரத்தால வகுங்க. டயரோட பிடிப்பு அந்த விடையைவிடக் கம்மியா இருந்தா வண்டி சறுக்கும், அதிகமா இருந்தா கவுறும். மணல்ல சறுக்குற அதே வண்டி சிமெண்ட் ரோட்டுல ஏன் குட்டிக்கரணம் அடிக்குதுன்னு இப்ப புரியுதா?

எங்க வண்டிக்கு அகலம் 34 செ.மீ., எடை மைய உசரம் சுமார் 14. அதாவது 17-ஐ 14-ஆல வகுத்தா 1.21. எடையை 2 செ.மீ. எறக்கி, அகலத்தை 2 செ.மீ. கூட்டினா 18-ஐ 12-ஆல வகுக்கணும். 1.5! மோட்டாரைத் தொடாமலே கிட்டத்தட்ட கால்வாசி முன்னேற்றம். நம்பாதவங்க ஒரு பலகை மேல வண்டியை வெச்சு, கீழ்ப்பக்க டயர் சறுக்காம ஒரு ரீப்பர் அடிச்சு, மெதுவாச் சாய்ச்சுப் பாருங்க. முதல் கணக்குக்கு 50 டிகிரி பக்கத்துல கவுறும், ரெண்டாவதுக்கு 56 வரைக்கும் தாங்கும். பாகைமானி போதும்.

செய்ய வேண்டியது என்னன்னா:

1. பேட்டரியை முடிஞ்ச அளவு கீழ எறக்குங்க. மேல இருக்கிற பாடியையும் தாழ்த்துங்க. படகுல ஐஸ் பெட்டியை யாராவது அணியத்து மேல ஏத்தி வெப்பாங்களா?

2. வீல் ஹப்புல அகலம் கூட்டுற அடாப்டர் போடுங்க.

3. ஷாக் அப்சார்பருக்குள்ள சின்ன ஸ்பேசர் வெச்சா வண்டி கொஞ்சம் தாழும். சிலிகான் ஆயிலைக் கொஞ்சம் கெட்டியா மாத்தினா வளைவுல உடம்பு சட்டுனு சாயாது. ரொம்பக் கெட்டியாப் போட்டா மேடு பள்ளத்துல துள்ளும், பாத்து.

4. வேகத்துல டயர் பலூன் மாதிரி உப்பி வண்டியைத் தூக்கும். டயருக்கு உள்பக்கம் நார் டேப்பைச் சுத்தி ஒட்டினா அடங்கும்.

இதெல்லாம் சேத்து எங்களுக்கு ஆயிரத்து ஐநூறுக்குள்ள. வகுப்புல 'வாய்ப்புச் செலவு'ன்னு படிச்சோமே, அது இதுதான் நண்பர்களே. மோட்டாருக்குப் போற பத்தாயிரம் வெறும் மோட்டார் விலை இல்லை, கட்டாத ஃபீஸும் சேர்ந்த விலை. இன்னொண்ணு, ஒவ்வொரு கவுறலுக்கும் ஒரு ஆர்ம் உடையுது. உதிரி பாகம் வெளிநாட்டுலருந்து வரணும். பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020 பட்ஜெட்ல 20%-லருந்து 60% ஆக்கினாங்க, 2023-ல 70%. உள்ளூர்ல தயாரிக்கிறவங்களுக்கு அது நல்லதாவே இருக்கலாம். ஆனா இந்த மாதிரி ஹாபி வண்டி வெச்சிருக்கிறவனுக்கு, உடைக்காம ஓட்டுறதுதான் முதல் சிக்கனம்.

"இதெல்லாம் பொம்மைக்குத்தான், நிஜ ரேஸ்ல பவர்தான் முக்கியம்"னு ஒரு நண்பன் அடிச்சுப் பேசுறான். நம்ம ஊர்லருந்து சென்னை போற வழியிலதான் சோழவரம். அங்க பழைய விமான ஓடுதளத்துல 1980-கள் வரை கார் ரேஸ் நடந்துச்சு, அப்புறம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிடுச்சு. அந்த உலகத்துல கோயம்புத்தூர் கரிவரதன் செஞ்சது என்ன? குடும்பம் போற மாருதி 800-ஓட 796 சி.சி. இன்ஜினை எடுத்து, தாழ்வான, எடை கம்மியான ஒத்தை சீட்டு வண்டியில வெச்சார். அந்த ஃபார்முலா மாருதியில பழகினவர்தான் 2005-ல ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். மாருதி இன்ஜின் அதேதான், மாறினது அது உக்காந்த வண்டி.

"தாழ்த்திட்டா அப்புறம் அது மான்ஸ்டர் டிரக்கா? பக்கி வாங்கியிருக்கலாமே"ங்கிறது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான். சேறு, கட்டை, வரப்புன்னு ஏறுறதுக்குத்தான் இந்த உசரம். அதனாலதான் 2 செ.மீ.ன்னு சொல்றேன், தரையோட ஒட்டச் சொல்லலை. அந்த 2 செ.மீ.யும் பெரும்பாலும் பேட்டரியும் பாடியும் எறங்குறதுல வரணும், வயித்துக்கு அடியில இருக்கிற எடைவெளி குறையிறதுல இல்லை. இதெல்லாம் செஞ்சு, வளைவுல வண்டி நிக்க ஆரம்பிச்ச பிறகும் வேகம் பத்தலைன்னா, அப்ப மோட்டார் பத்திப் பேசலாம். நானே கை தூக்குறேன். அதுவரைக்கும் அந்த ஃபீஸ் காசு காலேஜுக்கே போகட்டும்.

டிஸ்கி: ஏரிக்கரையில ஓட்டினா அன்னிக்கே நல்ல தண்ணியில துடைச்சு, காய வெச்சு, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்க. உப்பு எவனையும் விடாது. வலையும் கருவாடும் காயிற எடத்துப் பக்கமும், பூநாரை மேயிற சேத்துப் பக்கமும் வண்டி போகவே கூடாது. அங்க அவங்க பாடு :-)