மெனுவிலிருந்து தூக்கினதை யார் எழுதி வைப்பது?

சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கட ஆக்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு வழிதான். அம்மம்மாவின் கைமணம், மண்சட்டி, விறகடுப்பு, ஒடியற் கூழ், கடைசியில் 'அந்தக் காலம் இனி வராது' என்று ஒரு பெருமூச்சு. கட்டுரை முடிந்தது. பாடசாலை ஆண்டு மலரிலும் இதுதான், ஞாயிறு பத்திரிகையிலும் இதுதான், பேஸ்புக்கிலும் இதுதான். அந்தக் கூழுக்குள் என்ன மீன் விழுந்தது, அந்த மீன் என்ன விலை, எந்த வருசத்தோடு அந்த மீன் கிடைக்காமல் போனது என்று கேட்டுப் பாருங்கள். 'தம்பி, உணர்வைப் பாருங்கோ' எண்டு பதில் வரும்.

இதே ஆட்கள்தான், நிறுத்தப்பட்ட துரித உணவுகளை நினைவில் வைத்திருக்கிறவர்களைக் கண்டால் சிரிக்கினம். முப்பது வருசத்துக்கு முன்னர் மக்டொனால்ட்ஸ் நிறுத்தின ஒரு பேர்கர் எந்த ஆண்டு வந்தது, எந்த ஊர்களில் மட்டும் விற்றது, எந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதி வைக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய விளம்பரம், மெனு அட்டை, பற்றுச்சீட்டு எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள். 'வேலை வெட்டி இல்லாத ஆக்கள்' என்று எங்கட பெரியவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நாங்கள் சொல்வது நேர் எதிர். அந்த ஆட்கள் செய்வது வரலாற்று வேலை. எங்கட 'கைமணம்' எழுத்து ஒருநாளும் செய்யாத வேலை. ஓர் உணவு எப்போது வந்தது, எங்கே விற்றது, என்ன விலை, எப்போது போனது என்ற நான்கு கேள்விகளுக்கும் அவர்களிடம் பதில் இருக்கும். ஐந்தாவது கேள்வியில்தான் அவர்கள் சறுக்குகிறார்கள்: ஏன் போனது? அங்கே கம்பனி சொன்ன காரணத்தையே பெரும்பாலும் எழுதிவிட்டுப் போகிறார்கள். முதல் நான்கையும் அவர்களிடம் படிப்போம். ஐந்தாவதை நாங்களே கேட்போம்.

பேர்கரில் என்ன வரலாறு என்று கேட்கிறவர்களுக்கு மீன் பேர்கரின் கதை. 1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் லூ க்ரோன் என்பவர் மக்டொனால்ட்ஸ் உரிமம் எடுத்துக் கடை நடத்தினார். சுற்றுவட்டாரம் முழுக்கக் கத்தோலிக்கர்கள். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் வந்தால் இறைச்சி சாப்பிட மாட்டார்கள், கடை காய்ந்துவிடும். பாசையூரிலும் மன்னாரிலும் இதை விளக்கவே தேவையில்லை. அவர் மீனைப் பொரித்து பணிஸுக்குள் வைத்தார். கம்பனித் தலைவர் ரே க்ரொக்குக்கு அது பிடிக்கவில்லை; தன் பங்குக்கு அன்னாசித் துண்டை வாட்டி, சீஸ் வைத்து, 'ஹூலா பேர்கர்' என்று ஒன்றை இறக்கினார். இரண்டையும் ஒரே நாளில் விற்றுப் பார்த்தார்கள். மீன் வென்றது, ஹூலா பேர்கர் காணாமல் போனது. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் அந்த மீன் பேர்கர் ஒரு காலத்தில் ஒரு சுற்றுவட்டாரத்தின் விரத உணவு. தோற்றுப்போன அன்னாசியையும் யாரோ எழுதி வைத்தபடியால்தான், முதலாளி சொன்னதைச் சனம் வாங்கவில்லை என்ற பாதிக் கதை எங்களுக்குத் தெரியும்.

'உள்ளூர் ஸ்பெஷல்' என்று கம்பனிகள் விளம்பரம் செய்கிற எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 1996இல் மக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்குள் வந்தபோது மாட்டிறைச்சியும் இல்லை, பன்றியிறைச்சியும் இல்லை. அவர்களுடைய பேர்போன பிக் மக்குக்குப் பதிலாக ஆட்டிறைச்சியில் 'மகாராஜா மக்' வந்தது. பிறகு அது கோழிக்கு மாறியது. இது கம்பனி இந்தியப் பண்பாட்டைப் 'போற்றிய' கதை இல்லை. அந்த நாட்டுச் சந்தைக்குள் வேறு வழியில்லாமல் வளைந்து கொடுத்த கதை.

வளையாத இடத்தில் என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. அமெரிக்காவில் மக்டொனால்ட்ஸ் உருளைக்கிழங்குப் பொரியல் 1990 வரை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிந்தது. அந்த ஆண்டு மரக்கறி எண்ணெய்க்கு மாறுகிறோம் என்று அறிவித்தார்கள். பழைய ருசியை இன்றைக்கும் நினைத்து உருகுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் எண்ணெய் மாறிய பிறகும் மாட்டிறைச்சிச் சுவையூட்டி உள்ளே இருந்தது. 2001இல் சைவ உணவுக்காரர்களும் இந்துக்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் கம்பனி மன்னிப்புக் கேட்டு, 1 கோடி டொலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. அந்தப் பழைய பொரியலை ஒருவன் ஆசையோடு நினைக்கிறான். பத்து வருசமாக என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் சாப்பிட்டவன் வேறு மாதிரி நினைக்கிறான். உருளைக்கிழங்கு ஒன்றுதான், நினைவு இரண்டு. 'ஆகா அந்த ருசி' என்று மட்டும் எழுதினால் இரண்டாவது ஆள் கதையிலேயே இல்லை.

ஐந்தாவது கேள்விக்கு நல்ல உதாரணம் டாகோ பெல்லின் 'மெக்சிகன் பீட்சா'. இரண்டு மொறுமொறு ரொட்டி, நடுவில் அவரையும் இறைச்சியும், மேலே சோஸும் சீஸும். இறைச்சியை எடுத்துவிட்டு அவரையைக் கூட்டிப் போடச் சொல்லலாம். அதனால் அமெரிக்காவில் வளர்ந்த தெற்காசியச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது நண்பர்களோடு வெளியில் போய்ச் சாப்பிடக்கூடிய ஒன்றாக இருந்தது. 2020 நவம்பரில் நிறுத்தினார்கள். கம்பனி சொன்ன காரணம் சுற்றுச்சூழல்: அதன் பெட்டிக்கு வருசம் 70 இலட்சம் இறாத்தலுக்கு மேல் அட்டை செலவாகிறதாம். ஒரு தெற்காசிய இளைஞர் மனு ஒன்றைத் தொடங்க, 1 இலட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்து வைத்தார்கள். 2022 மேயில் பீட்சா திரும்ப வந்தது, கொஞ்ச நாளிலேயே முடிந்தது, செப்டெம்பரில் மறுபடி வந்தது. அப்ப அந்த அட்டைக் கணக்கு என்ன ஆச்சு? திரும்பி வந்த சந்தோசத்தில் அதைக் கேட்டவர்கள் குறைவு. மனுப் போட்ட சனத்தின் ஏக்கமே கம்பனியின் அடுத்த விளம்பரமாக மாறியது.

நிறுத்துவதே வியாபாரம் என்று கம்பனிகளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. மக்டொனால்ட்ஸின் 'மக்ரிப்' 1985இல் நிறுத்தப்பட்டு, 1989இல் திரும்பி, பிறகு 2005, 2006, 2007 என்று மூன்று வருசம் தொடர்ந்து 'பிரியாவிடைப் பயணம்' போனது. அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருக்கிறது. 1998இல் 'மூலான்' படத்துக்காகக் கொஞ்ச நாள் கொடுத்த ஒரு சோஸ், 2017இல் ஒரு கார்ட்டூன் தொடர் அதைப் பற்றிக் கதைத்தபடியால் மறுபடி வந்தது. கடைகளுக்கு மிகக் கொஞ்சப் பைக்கற்றுகளே அனுப்பினார்கள். சனம் வரிசையில் நின்று சண்டை பிடித்தது. அடுத்த வருசம் 2 கோடி பைக்கற். உங்கட பிள்ளைக்கால நினைவை உங்களிடமே காசுக்கு விற்கிறார்கள். '90களின் பிள்ளைகள்' என்று படம் போட்டு இதயக்குறி சேர்க்கிற பக்கங்கள் அந்த வியாபாரத்துக்குச் சம்பளமில்லாத ஊழியர்கள்.

இனி எங்கட தீவு. 2024 மார்ச்சில் உரிமத் தகராறில் இலங்கையின் 12 மக்டொனால்ட்ஸ் கடைகளும் மூடப்பட்டன. சமூக வலைத்தளத்தில் இரண்டு குரல்தான் கேட்டது. ஒன்று 'ஐயோ எங்கட சின்ன வயசு', மற்றது 'வெளிநாட்டுக் குப்பை, போகட்டும்'. 1998இலிருந்து அந்தக் கடையில் எங்களுக்கென்று என்ன சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்று ஒரு முழுப் பட்டியல் போட்ட ஒருவரையும் நாங்கள் காணவில்லை. ஐஸ்லாந்தைப் பாருங்கள். அந்த நாட்டுக் காசு விழுந்து, ஜெர்மனியிலிருந்து சாமான் இறக்கிக் கட்டுப்படியாகாமல், 2009 ஒக்டோபரில் அங்கே மக்டொனால்ட்ஸ் மூடியது. கடைசி நேரத்தில் ஒருவர் வாங்கி வைத்த சீஸ் பேர்கர் கொஞ்சக் காலம் தேசிய நூதனசாலையில் இருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லலாம். ஆனால் ஒரு நாட்டின் நாணயம் விழுந்ததை விளக்க அதைவிடச் சுலபமான காட்சிப்பொருள் கிடையாது. எங்கட ரூபாய் 2022இல் ஒரு டொலருக்கு 200இலிருந்து 360 வரைக்கும் விழுந்ததே, அதைக் காட்ட நாங்கள் எதை எடுத்து வைத்தோம்?

எங்கட 'உள்ளூர் ஸ்பெஷல்' கதையும் எழுதப்படவில்லை. பிட்ஸா ஹட் இங்கே 'டெவில்ட் சிக்கன்' பீட்சா விற்கிறது. டெவில்ட் என்பது மிளகாயும் வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளி சோஸும் போட்டுப் பிரட்டி, குடிக்கிற இடங்களில் 'பைட்ஸ்' என்று வைத்த சாமான். அது எப்படி குடும்பமாகப் போய்ச் சாப்பிடுகிற பீட்சாவுக்கு மேலே ஏறியது? கொழும்புக்கு 90களின் நடுப்பகுதியில் வந்த கே.எப்.சி, போர் முடிந்து நாலு வருசத்துக்குப் பிறகு, 2013இல்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. ஆகவே கொழும்புக்காரர் 'அந்தக் காலத்து மெனு' என்று பகிர்கிற படங்களில் பாதி எங்கட பக்கத்தில் நினைவாக இருக்கவே முடியாது. இந்தச் சின்னத் தீவுக்குள்ளேயே பிராந்திய மெனு இருந்தது. அதன் எல்லையைக் கீறியது ருசி இல்லை, சோதனைச்சாவடி.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. எங்களிடம் துரித உணவு என்பது கம்பனிக் கடை மட்டும் இல்லை. ரோல்ஸ், பற்றிஸ், மாலுபாண், கிம்புலா பணிஸ், கொத்து, கூல்பார் ஐஸ்கிறீம், எல்லாம் அதுதான். இவற்றின் பலகையிலிருந்து சாமான் மறைந்தது விளம்பரத்துக்காக இல்லை. 1990களில் வடக்கில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. அந்த வருசங்களில் எந்தக் கூல்பாரின் பலகையில் எது அழிக்கப்பட்டது, எது வேறு சாமானை வைத்துச் சமாளிக்கப்பட்டது, எது திரும்பி வரவேயில்லை? ஜாம்போத்தல் விளக்கைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பலகையைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2022இலும் அதுதான் நடந்தது. காஸ் இல்லாமல் பேக்கரிகள் மூடின. பால்மா தட்டுப்பட்டு, பால் தேத்தண்ணி இல்லை, பிளேன்டீ மட்டும்தான் என்று கடைக்காரர் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மெனுவிலிருந்து சாமான் தூக்கப்பட்டது. எந்தக் கடையில், எந்தத் திகதியில் என்று கேட்டால் இப்பவே பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை.

'உது உடம்புக்குக் கூடாத சாப்பாடு' என்பார்கள். ஓம், கூடாதுதான். சாராயத் தவறணையின் வரலாற்றை எழுதுகிறவர் சாராயம் குடிக்கச் சொல்கிறாரா? 'உது ஏகாதிபத்தியம், அதைப் போய் ஏன் தூக்கிப் பிடிக்கிறியள்' என்பார்கள். சரி, அதை எதிர்த்து எழுதுவோம். எதை வைத்து எழுதுவது? எந்த ஆண்டு எந்தக் கம்பனி என்ன விலைக்கு எதை விற்றது, அதன் பக்கத்தில் இருந்த சாப்பாட்டுக்கடை எப்போது மூடியது என்ற விபரம் இல்லாமல் ஏகாதிபத்தியம் என்று கத்தினால், அதுவும் இன்னொரு 'கைமணம்' கட்டுரைதான். 'இது பல்கலைக்கழகத்துக்குரிய ஆய்வா' என்பார்கள். பழைய பனையோலைப் பெட்டி ஆய்வுப்பொருள் என்றால், பழைய பற்றுச்சீட்டும் ஆய்வுப்பொருள்தான். பெட்டியாவது நூறு வருசம் தாங்கும். பற்றுச்சீட்டின் மை ஒரு மழைக்காலத்துக்குள் மங்கிவிடும்.

ஆகவே எங்கட கோரிக்கை சின்னது, செய்யக்கூடியது. அடுத்தமுறை தேத்தண்ணிக்கடைக்கோ கொத்துக்கடைக்கோ போனால் தட்டைப் படம் எடுக்காமல் விலைப்பலகையைப் படம் எடுங்கள், திகதியோடு. வீட்டில் கிடக்கும் பழைய மெனு அட்டை, பிறந்தநாள் படத்தின் பின்னால் தெரியும் கடைச் சுவர், எதையும் எறிய வேண்டாம். கடைக்காரரிடமும் அங்கே வேலை செய்கிறவர்களிடமும் கேளுங்கள்: எதை நிப்பாட்டினீங்கள், எந்த வருசம், ஏன்? 'ஓடயில்லை' என்று முதலில் சொல்வார்கள். ஏன் ஓடவில்லை என்று இன்னொருக்கால் கேளுங்கள். மாவு விலையா, மின்சாரமா, அதை ஒழுங்காகப் போடத் தெரிந்தவர் வெளிநாடு போய்விட்டாரா என்பது அப்போதுதான் வெளியில் வரும். கேட்டதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். கைமணம் பற்றி இரண்டு வரி சேர்த்தாலும் பரவாயில்லை, விலையையும் வருசத்தையும் விட்டுவிடாதீர்கள்.