விலை ஒன்று; சரக்கு இரண்டா?

அந்தமான் மக்களுக்குத் தாமதம் புதிதல்ல. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால்தான் பல சாமான்கள் கடைக்கு வரும். கடல் குறுக்கே கிடக்கிறது, என்ன செய்வது என்று சாத்தத்திலும் மற்ற இடங்களிலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கப்பலில் வராத ஒரு சரக்கிலும் ஒருவருக்கு முந்தி, ஒருவருக்குப் பிந்தி என்ற பாகுபாடு நடக்கிறது. அதுதான் இணையக் கடைகளில் விற்கப்படும் வீடியோ கேம்.

இந்தச் சரக்கு வாங்கிய அன்றோடு முடிவதில்லை. குறைகளைத் திருத்தியும், புதிய ஆட்டங்களைச் சேர்த்தும் தயாரிப்பாளர்கள் அவ்வப்போது 'அப்டேட்' அனுப்புவார்கள். அதற்கும் சேர்த்துத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். ஆனால் ஒரு கடையில் வாங்கியவருக்கு அன்றே வருவது, இன்னொரு கடையில் வாங்கியவருக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகிறது. சிலவற்றில் வராமலே போவதும் உண்டு.

2018இல் நடந்தது

பிரிட்டனைச் சேர்ந்த ஹலோ கேம்ஸ் நிறுவனத்தின் 'நோ மேன்ஸ் ஸ்கை' ஆட்டத்துக்கு 2018 ஜூலையில் பெரிய அப்டேட் வந்தது. பலர் சேர்ந்து ஆடும் வசதிதான் அதன் சிறப்பு. ஸ்டீம் கடையில் வாங்கியவர்களுக்கு அது அன்றே கிடைத்தது. போலந்தில் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடையில் வாங்கியவர்களுக்கு அந்த வசதி மட்டும் அன்று கிடைக்கவில்லை. விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அந்தக் கடை அறிவித்தது பாராட்டத்தக்கது. எல்லாக் கடைகளும் அப்படிச் செய்வதில்லை.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கடைக்கும் தனிப் பதிப்புத் தயாரித்து, சோதித்து அனுப்ப வேண்டும். நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் விற்பனை அதிகமுள்ள கடையைத்தான் முதலில் கவனிக்கும். சரி, அப்படியானால் அதை விற்கும்போதே சொல்ல வேண்டாமா? பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு, பிறகு ஆள் போதவில்லை என்பது என்ன நியாயம்?

தீவுவாசிக்கு இதில் கூடுதல் நஷ்டம். சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதுவரை சாட்டிலைட்டை நம்பியே இணையம் இருந்தது. ஜி.ஓ.ஜி. கடையில் வாங்கும் ஆட்டத்தை ஒரு முறை இறக்கிவைத்துக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலே கம்ப்யூட்டரில் ஏற்றி ஆடலாம். இணைப்பு நிச்சயமில்லாத ஊர்க்காரர்களுக்கு ஏற்ற கடை அதுதான். அந்தக் கடைக்கே அப்டேட் பிந்தி வருகிறதென்றால், நஷ்டம் யாருக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய யூனியனில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, விற்ற டிஜிட்டல் சரக்கு ஒழுங்காக இயங்கத் தேவையான அப்டேட்டுகள் வாங்கியவருக்குக் கிடைக்கச் செய்வது விற்பவரின் கடமை. 'தயாரிப்பாளர் அனுப்பவில்லை' என்று கடைக்காரர் கைவிரிக்க முடியாது. நமது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் டிஜிட்டல் சரக்கு விற்பனையைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அப்டேட் பற்றித் தனி விதி இல்லை. அதைச் சேர்க்க மத்திய அரசு ஆவன செய்ய வேண்டும்.

அதற்கு முன்பே கடைகள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மருந்துப் பாட்டிலில் தேதி போடுவதுபோல, விலைக்குப் பக்கத்தில் இது எந்தப் பதிப்பு, கடைசி அப்டேட் என்றைக்கு வந்தது, மற்ற கடைகளில் உள்ளதைவிட எது குறைகிறது என்று எழுதிவிடலாம். பார்த்து வாங்குகிறவர் வாங்கட்டும், வேண்டாதவர் விட்டுவிடட்டும்.

விளையாட்டுச் சாமான்தானே என்று சிலர் அலட்சியம் செய்யக்கூடும். வாலிபர்கள் அதற்குக் கொடுக்கும் பணம் விளையாட்டுப் பணம் அல்ல. கடல் காரணமாக வரும் தாமதத்தைத் தீவு மக்கள் பொறுப்பார்கள். அலட்சியத்தால் வரும் தாமதத்தை ஏன் பொறுக்க வேண்டும்?