கலாநிதிப் பட்டத்தின் கடைசிப் படி

கலாநிதிப் பட்டம் பெறுதல் என்றால் ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்தல் என்றே பலர் எண்ணுகின்றனர். எழுதுதல் அதில் ஒரு பகுதி மாத்திரமே. தலைப்பையும் திட்டத்தையும் குறித்து விண்ணப்பித்தல், பதிவு செய்தல், மேற்பார்வையாளர் நியமனம், காலந்தோறும் முன்னேற்ற அறிக்கை, ஆய்வேட்டுச் சமர்ப்பணம், பரீட்சகர் நியமனம், அவர்தம் அறிக்கை, வாய்மொழிப் பரீட்சை, திருத்தம், மூதவையின் அங்கீகாரம், ஈற்றிலே பட்டமளிப்பு விழா என அது படிபடியாக நீள்வது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி கல்வி சார்ந்த அதிகாரம் மூதவைக்கு உரியது. ஆதலின் பரீட்சகர் மெச்சினும் மூதவை ஏற்கும்வரை ஒருவர் கலாநிதி ஆகார்.

புலமைக்கும் இந்தக் கடதாசி வேலைக்கும் யாது தொடர்பு என்று பண்டித மரபில் வந்த நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. யான் அவர்களோடு சேர்ந்து நகைக்க மாட்டேன். நூலுக்குப் பெயர், எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியன சொல்லப்படவேண்டும் என்று நன்னூற் பாயிரத்தில் மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். பல்கலைக்கழகம் கேட்கும் ஆய்வுத் திட்டத்திலும் ஏறக்குறைய இவையே உள. எல்லையை வரையறுக்கத் தெரியாதவர் எக்காலத்தும் நூலை முடிக்கார். வாய்மொழிப் பரீட்சையோ நமது அரங்கேற்றத்துக்கு நெருங்கிய உறவு. தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது எனச் சிறப்புப் பாயிரத்தால் அறிகின்றோம். கற்றோர் தடை நிகழ்த்த ஆக்கியோன் விடை கூறவேண்டும். வெளிவாரிப் பரீட்சகர் ஒருவரை வேண்டுவதும் இதன்பொருட்டே.

ஆயின் அரங்கேற்றம் பலர் முன்னிலையில் நிகழ்வது. வாய்மொழிப் பரீட்சை, பிரித்தானிய வழக்கின்படி, பெரும்பாலும் மூடிய அறையினுள் இரண்டு மூவரிடையே முடிந்துவிடுகின்றது. சுவீடன் நாட்டிலே ஆய்வேட்டை அச்சிட்டு, ஊரறியப் பல்கலைக்கழகப் பலகையில் ஆணியால் அறையும் வழக்கம் இன்றும் உண்டு. அதன் பின்னரே பகிரங்க அவையில் வாதம் நிகழும். ஜேர்மனியிலோ ஆய்வேடு வெளியிடப்படும்வரை பட்டத்தைப் பெயரோடு இணைத்தல் ஆகாது என்பது பொது விதி. நம்மிடத்தில் மூதவை அங்கீகரித்ததும் கட்டிய பிரதிகள் நூலக அலுமாரியுட் புகுகின்றன. பட்டம் பெற்றவர் பதவியுயர்வுக்கு விண்ணப்பிக்கின்றார். வாசகரை எவரும் நினைப்பதில்லை.

என்னிடம் பிரவேச பண்டிதப் பரீட்சைக்குப் படித்த ஒருவர் வன்னிப் பகுதிக் கூத்து ஏடுகளை ஆராய்ந்தார். ஊரூராய் அலைந்து, அண்ணாவிமார் வீடுகளில் இருந்து ஏடுகளைப் பெயர்த்தெழுதினார். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபின் இரண்டாம் பரீட்சகரின் அறிக்கைக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தார். கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. அத்தாமதத்தை யான் பொறுத்துக்கொள்வேன். பட்டம் கிடைத்து ஏழாண்டு கழிந்தும் அவ்வாய்வு நூலாகவில்லை என்பதையே பொறுக்க இயலவில்லை. ஏடு கொடுத்த அண்ணாவிமாருள் இருவர், தம் ஏட்டில் ஓரடியேனும் அச்சேறக் காணாமலே இறந்துபோயினர்.

முன்னோர் நமக்குக் காட்டிய வழி வேறு. சு. வித்தியானந்தன் பத்துப்பாட்டினை ஆராய்ந்து 1950 இல் இலண்டனிற் பட்டம் பெற்றார். 1954 இல் ‘தமிழர் சால்பு’ தமிழில் வெளிவந்தது. சங்ககாலத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் கையில் எடுப்பது அந்த ஆங்கில ஆய்வேட்டை அன்று, இந்நூலையே. க. கைலாசபதி 1966 இல் பேர்மிங்ஹாமிற் பட்டம் பெற்ற ஆய்வு 1968 இல் நூலாயிற்று. அதே பல்கலைக்கழகத்தில் 1970 இல் பட்டம் பெற்ற கா. சிவத்தம்பியின் நாடக ஆய்வு 1981 வரை காத்திருந்தது. இவ்விரண்டும் ஆங்கில நூல்கள். தமிழுக்கு மிகப் பிந்தியே வந்தன. விபுலாநந்த அடிகளோ இப்படிகளுள் ஒன்றிலும் ஏறியவரல்லர். ஆயினும் அவர்தம் யாழ்நூல் 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் பலர் கூடிய அவையில் அரங்கேறி, அச்சு நூலாகவே நம் கைக்கு வந்தது.

இரண்டு மூன்று பிரதிகளை நம்பியிருத்தல் ஆபத்தும் ஆகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அவற்றோடு அழிந்தன. வேறு பிரதி இல்லாதவற்றை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, தமிழ் சார்ந்த ஆய்வுக்குப் பட்டம் வழங்கும் மூதவைகள் இன்னும் ஒரு படியை விதித்தல் வேண்டும். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளுள் அவ்வாய்வு தமிழ் நூலாகவோ, நூறு பக்க அளவிலான தமிழ்ச் சுருக்கமாகவோ வெளிவரவேண்டும். அச்சுச் செலவை ஆய்வாளர் தலையில் ஏற்றுதல் முறையாகாது. பதிவுக்கும் பரீட்சைக்கும் விழா அங்கிக்கும் கட்டணம் கட்டி அவர் முன்னரே களைத்திருப்பார். பல்கலைக்கழகமே அதனை ஏற்கட்டும். அதற்கும் நிதி இல்லையெனில், எவரும் இலவசமாகப் படிக்கத்தக்க மின்பிரதியாக வைத்தல் இக்காலத்தில் அரிதன்று.

மூதவைகள் கூடித் தீர்மானிக்கும்வரை இப்பக்கம் காத்திராது. எனது மாணாக்கரின் ஆய்வேட்டிலுள்ள ஏட்டுப் பட்டியலை, எந்த ஏடு எவ்வூரில் எவர் வீட்டில் உள்ளது என்ற குறிப்போடு, இங்கு வெளியிடக் கேட்டுள்ளேன். அவரும் இசைந்துள்ளார். அலுமாரியில் ஆய்வேடு வைத்திருக்கும் ஏனையோரும் ஓர் இயலையேனும் தமிழில் எழுதி அனுப்புவாராக.