மூளைக்காய்ச்சலும் நம் சம்பா வயலும்

கேள்வி: சென்ற ஐப்பசியில் எங்கள் ஊரில் ஏழு வயதுப் பையனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பன்றி வளர்க்கும் குடும்பத்தை ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார்கள் சிலர். வயலில் இறங்கும் கொக்குதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். நடவு நெருங்கிவிட்டது. விவசாயி இதில் என்ன செய்ய முடியும்? (வாசகர், குமராட்சி வட்டாரம்)

பதில்: முதலில் பையனைப் பற்றி. இயன்முறைச் சிகிச்சையை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

அடுத்து, பன்றி வளர்ப்பவரை விரட்டினால் நோய் போகாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1955-இல் நம் வேலூர்ப் பகுதியில். இந்தக் கிருமி இயற்கையில் கொக்கு, மடையான், வக்கா போன்ற நீர்ப்பறவைகளிடம் இருக்கிறது. அவற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை. பறவையைக் கடித்த கொசு பன்றியைக் கடித்தால், பன்றியின் ரத்தத்தில் கிருமி சில நாட்களுக்கு ஏராளமாகப் பெருகும். அந்தப் பன்றியைக் கடித்த கொசு மனிதரையும் கடிக்கும்போது நமக்கு வருகிறது. பன்றி நோய் காட்டாமல் நன்றாகவே இருக்கும். சினைப்பன்றி மட்டும் குட்டியைச் செத்துப் போடலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது பரவாது.

கொசு எங்கே வளர்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. சாக்கடையிலும் இல்லை, வீட்டுத் தொட்டியிலும் இல்லை. நம் நெல் வயலில்தான். க்யூலெக்ஸ் விஷ்ணுயி என்ற இனக்குழுவைச் சேர்ந்தது (பெயரில் விஷ்ணு இருந்தாலும் காக்கும் தொழில் செய்வதில்லை). அந்தி சாயும்போது கிளம்பி இரவெல்லாம் வெளியில் கடிக்கும், ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். ஆகவே உங்கள் ஊரில் பன்றியே இல்லாவிட்டாலும் பக்கத்து ஊர்ப் பன்றி போதும். கொக்கை விரட்டுவதோ வீண் வேலை. அது பூச்சி பிடிக்க வருகிறது. வீராணமும் கொள்ளிடமும் இருக்கும் வரை வரத்தான் செய்யும்.

இதெல்லாம் கேள்விப்பட்டதல்ல. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து, பழைய தென்னாற்காடு மாவட்டக் கிராமங்களில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொசு பிடித்து ஆராய்ந்தார்கள். வயல்களிலும் பார்த்தார்கள். நட்ட முதல் சில வாரங்கள், அதாவது பயிர் மூடி நிழல் கட்டும் வரை, புழு அதிகம். யூரியா மேலுரம் இட்ட பின் இன்னும் கூடுகிறது. வேப்பம்புண்ணாக்கு கலந்து யூரியா இட்ட வயலில் புழு குறைந்தது.

அதனால் நான் சொல்வது, நம் பெரியவர்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான். நட்டு ஒரு வாரம் பயிர் பச்சை பிடிக்கும் வரை 2 செ.மீ. தண்ணீர் போதும். பிறகு கட்டிய நீர் மறைந்த மறுநாள் 5 செ.மீ. கட்டுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். இடையில் வயல் காய்ந்தால் புழு செத்துவிடும். ஆனால் வயல் சமமாக இல்லாவிட்டால் காலடிக் குழியில் நிற்கும் நீரே புழுவுக்குப் போதும். ஒருவர் மட்டும் செய்தும் பயனில்லை, ஒரே மடைக்காரர்கள் சேர்ந்து செய்ய வேண்டும். களை கொஞ்சம் கூடும், அதற்கும் தயாராக இருங்கள். கதிர் உருவாகும் தருணம் முதல் பூக்கும் வரை காய விடக்கூடாது. கடைமடையில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் வடிப்பதே பெரும்பாடு, இந்த முறை நடக்காது. புரட்டாசியில் கிடைக்கும் சில வாரங்களைத்தான் பயன்படுத்த வேண்டும். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு 5:4:1 என்ற எடையில் கலந்து ஒரு நாள் வைத்திருந்து பிரித்துப் பிரித்து இடுங்கள். கொசுவுக்காக வயலில் பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சும் நீர்ப்பூச்சியும்தான் முதலில் சாகும்.

பன்றிக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். பன்றிகளைத் தெருவில் விடாமல் குடியிருப்பிலிருந்து தள்ளிக் கொட்டிலில் அடைத்து, அந்தியில் வலை போட்டால் ஊருக்கும் அவருக்கும் நல்லது. குட்டி செத்துப் பிறந்தாலோ பன்றிகள் இருமினாலோ 1962-க்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அவரை விரட்டிவிட்டால் இந்தச் செய்தியைச் சொல்ல ஊரில் ஆள் இருக்காது.

இருமலை ஏன் குறிப்பிட்டேன் என்றால், 1998-இல் மலேசியாவின் ஈப்போ பகுதியில் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. விழுந்தவர்கள் பெரும்பாலும் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். பன்றிகளோ கடுமையாக இருமின. இரண்டுமே ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அடையாளம் இல்லை. 1999 மார்ச்சில்தான் அது புதிய கிருமி என்று தெரிந்தது. அதுதான் நிபா, 2018-இல் கோழிக்கோட்டுக்கு வந்ததும் அதே. பண்ணை ஓரப் பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றதில் தொடங்கியது என்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்றார்கள். மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் தோட்டம் பார்ப்பவரும் முதலிலேயே ஒன்றாக உட்கார்ந்திருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

கடைசியாகத் தடுப்பூசி. வயலில் என்ன செய்தாலும் பிள்ளைக்கு முதல் காவல் இதுதான். நம் மாவட்டத்தில் இலவசம். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடவு, அறுவடை, வெளியூர் வேலை என்று தள்ளிப்போகிறது. வயது கடந்துவிட்டது என்று நீங்களே முடிவு செய்யாமல், அட்டையோடு கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். கிருமி தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையாகும். ஆனால் கடுமையானால் 100-க்கு 30 பேர் வரை இறக்கிறார்கள். பிழைப்பவர்களிலும் பலருக்குக் கையோ காலோ நினைவோ முன்போல் இருப்பதில்லை. குணப்படுத்தும் தனி மருந்து கிடையாது. காய்ச்சலோடு வலிப்பு, வாந்தி, உளறல், மயக்கம் கண்டால் மந்திரிக்க நேரம் ஒதுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அசோலா விட்டால் வயலில் கொசு வராது என்கிறார்களே? (வாசகர், புவனகிரி)

பதில்: நீர்ப்பரப்பில் 100-க்கு 80 பங்குக்கு மேல் மூடினால் புழு வெகுவாகக் குறையும். அவ்வளவு மூடச் சில வாரங்கள் ஆகும். புழு அதிகமாக இருப்பதும் அந்த வாரங்களில்தான். தழைச்சத்துக்காக விடுங்கள், கொசுவுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். வடிகால் ஓரத்து வயலென்றால் முதல் பெருமழையிலேயே அடித்துக்கொண்டு போய்விடும்.