ஓட்டமும் அரசியலும் பாட்டும்

"ஒரு மாதம் ஓட்டம் என்கிறீர், மறுமாதம் அரசியல், அதற்கடுத்து சங்கீதம். ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதக் கூடாதா, ஐயா?" என்று மாட்டுங்கா மார்க்கெட்டில் ஓர் அன்பர் என்னை மடக்கினார். கையில் முருங்கைக்காயும், தலைக்கு மேல் அலுவலக நேரமுமாக நின்றவனுக்கு விடை கூற அவகாசமில்லை. இங்கே கூறுகிறேன்.

பத்திரிகைக்காரனுக்கு அரசியலும் சங்கீதமும் இரண்டு வீடுகள் அல்ல. ஒரே வீட்டின் இரண்டு அறைகள். இதற்குச் சாட்சி கல்கி. பள்ளியிறுதித் தேர்வு எழுதாமலே 1921-ல் படிப்பை விட்டு ஒத்துழையாமை இயக்கத்திற் குதித்தவர் அவர். அடுத்த ஆண்டே சிறை. (மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட என்போன்றோருக்கு இது ஒரு சிறு ஆறுதல்.) பின்னர் 'ஆனந்த விகட'னில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரோடு கச்சேரி விமரிசனம் எழுதினார். 1941-ல் மீண்டும் சிறை சென்று வந்ததும், சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய முதலுக்காகவே எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் பூண்டார். அரசியலில் ஈடுபட்டவரின் பத்திரிகைக்குச் சங்கீதம் முதல் போட்டது என்றே இதைக் கொள்ளலாம்.

அதே ஆண்டுகளில்தான் தமிழிசைக் கிளர்ச்சி எழுந்தது. 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. மேடையில் எம்மொழியிற் பாடுவது என்பது சங்கீதக் கேள்வியா, அரசியற் கேள்வியா? இரண்டும்தான் என்று எழுதுகோலைத் தூக்கினார் கல்கி. இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இளமையில் ஊர் ஊராகச் சென்று வாசித்தது, தமையனார் பாவலர் வரதராஜனின் கம்யூனிஸ்டு பிரசாரக் கச்சேரிகளில். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றியவரின் முதற் பள்ளிக்கூடம் தேர்தல் மேடை! என் விருப்பப் பாட்டு எதுவென்று கேட்பீர்களாயின், விடியலில் எம். எஸ்., இரவில் இளையராஜா. இதில் வாதத்திற்கு இடமில்லை.

ஓட்டத்திற்கு வருகிறேன். தாராவி 90 அடிச் சாலையிற் புறப்பட்டுச் சயான் வழியே ஷண்முகானந்தா மண்டபத்தைக் கடந்து, கிங் சர்க்கிள் சுற்றி, பைவ் கார்டன் வரை ஓடுகிறேன். காதில் கருவி மாட்டிக்கொள்வதில்லை. பெஸ்டு பஸ் பின்னால் வருவது பாட்டைக் காட்டிலும் முக்கியமான செய்தி. மண்டபத்தைத் தாண்டும்போது மட்டும் கால் சற்றுத் தளரும். 1963-ல் எழுந்து, 1990-ல் தீக்கிரையாகி, 1998-ல் மீண்டும் கதவு திறந்த கட்டடம் அது. இடைப்பட்ட எட்டாண்டு மௌனத்தை மூத்தோர் இன்றும் கூறக் கேட்டிருக்கிறேன்.

மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது. 42 கிலோமீட்டரும் சொச்சமும். எங்கள் சி. எஸ். எம். டி. முனையத்தின் எதிரே, பிடிப்பதற்கு ரயில் ஏதும் இல்லாமலே மக்கள் ஓடுகிற நாள் ஆண்டில் அது ஒன்றுதான். ஆனால் என் மனத்தில் நிற்பவர் மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணி. பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டு, காலணியின்றி ஓடத் தொடங்கியவர். தென்னக ரயில்வேயில் வேலை பெற்று, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். 'நம் இலாகாக்காரர்' என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அலாதிப் பெருமை.

இனி அரசியல். இம்மாதம் நான் ஓடும் தெருவே அரசியலாக இருக்கிறது. தாராவிச் சீரமைப்பில் 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்திற் குடியிருந்தோருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதற்குப் பின் 2011 தொடக்கம் வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. மாடியிற் குடியிருப்போருக்கும் வெளியேதான். வாடகை செலுத்தி உரிமையாக்கிக்கொள்ளும் முறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் பலர் இன்று மாடியில் இருக்கிறார்கள். தந்தை கீழே, மகன் மேலே. ஒரே அடுப்பு, இரண்டு விதி. திட்டம் நல்லதா தீயதா என்று டீக்கடையில் வாதிடுவோர் அநேகர். வீட்டுத் தாள்களை எடுத்துப் பார்த்தோர் மிகச் சிலர்.

அத்தாள்களில் நம்மவருக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. நாம் பெயருக்கு முன் தந்தையின் தலையெழுத்தைப் போடுகிறோம். இங்குள்ள படிவமோ குலப்பெயர் கேட்கிறது. ஆகவே ரேஷன் அட்டையில் சு. முருகன், மின்சார ரசீதில் முருகன் சுப்பையா, வாக்காளர் பட்டியலில் சுப்பையா முருகேசன். மூவரும் ஒருவரே என்பது தெருவுக்குத் தெரியும். கணக்கெடுப்பவருக்கு எப்படித் தெரியும்? படிவங்களோடு பதினைந்து ஆண்டு உழலும் குமாஸ்தா என்ற முறையிற் சொல்கிறேன்: எழுத்து வேறுபாடு சிறிதாயிருக்கையில் திருத்துவது எளிது, விண்ணப்பம் தள்ளுபடியான பின் திருத்துவது மாரத்தான். பெயர்கள் ஒருவரையே குறிப்பன என்று பிரமாணப் பத்திரம் ஒன்றை இப்பொழுதே எழுதி வைத்துக்கொள்க. 2000-க்கு முற்பட்ட தாள் எதுவாயினும், கிழிந்ததாயினும், வீசிவிடாதீர்கள். பாட்டியின் தகரப் பெட்டியில் முதலிற் பாருங்கள்.

ஞாயிறுதோறும் ஓட்டம் முடிந்து எட்டரை மணி முதல் பத்தரை வரை, நானும் இரு நண்பர்களும் 90 அடிச் சாலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்போம். மராத்தியிலோ ஆங்கிலத்திலோ வந்த அறிவிப்பைப் படித்துச் சொல்லவும், விண்ணப்பம் எழுதித் தரவும் தயார். கட்டணமில்லை. செம்பூரிலிருந்து வருவோர் உறவினரின் தாள்களையும் கொண்டு வரலாம். ரேடியோவில் எம். எஸ். பாடிக்கொண்டிருப்பார், அதைக் குறைக்கச் சொல்ல மட்டும் வராதீர்கள்.