மூச்சுக்குமா வரிசை?

தளிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'குட்டி இங்கிலாந்து'. குளிர் அவனுக்கு ஒத்துக்கொண்டது. நம் காலனியில் பச்சைக் குழந்தைக்கு இளைத்தால் 'பனி பட்டுடுச்சு' என்று அதே குளிர்மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

ஒரு மார்கழியில், நான் வேலை பார்க்கும் வங்கிக்குக் கம்மலை அடகு வைக்க ஒரு பெண் வந்தார். ரோஜாத் தோட்டத்துக் கூலி. மடியில் இரண்டு மாதக் குழந்தை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. "சளிதான் சார், ஓசூருக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்றார். எடை போட்டு, படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கிப் பணம் கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. நானும்தான் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொறுப்பு.

அது என்ன சளி என்று எனக்குத் தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். ஆர்.எஸ்.வி. என்றொரு வைரஸ். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஜலதோஷத்தோடு போய்விடும். கைக்குழந்தைக்கோ நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்ளும். இதனால் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் சாகிறார்கள். 100க்கு 97 சாவுகள் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். ஏறக்குறையப் பாதி, ஆறு மாதம் நிறையாத குழந்தைகள். மகாராஷ்டிரத்தின் மேல்காட் பழங்குடிக் கிராமங்களில் நடந்த ஆய்வும் இந்த வைரஸைக் குழந்தைச் சாவுக்கு முக்கியமான காரணமாகக் காட்டியது.

தடுக்க வழி இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு தடுப்பூசி போட்டால் தாயின் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிறந்த குழந்தைக்கே நேராக எதிர்ப்பொருளை ஊசியாகப் போடுவது இன்னொரு வழி. இரண்டையும் 2023இல் அமெரிக்கா அங்கீகரித்தது. தாய்க்குப் போட்ட ஊசி முதல் மூன்று மாதத்தில் கடுமையான நோயை 82 சதவீதம் குறைத்ததாகப் பரிசோதனை காட்டியது. இரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று 2025இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இரண்டுமே இல்லை.

அமெரிக்கக் குழந்தைக்கு 2000இல் கிடைத்த நிமோகாக்கல் தடுப்பூசி, நம் அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க வர 2021 ஆனது. அதுவரை பெரும்பாலான மாநிலங்களில் காசுள்ளவன் பிள்ளைக்கு மட்டும். இந்த வரிசையில் கடைசியாக நிற்பது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"நம்ம பொம்பளைங்கள வெச்சுப் பரிசோதிக்கிறாங்களா?" என்று தோழர்கள் கேட்கலாம். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையைப் பார்த்த மக்கள் கேட்கத்தான் செய்வார்கள். இதே நோய்க்கு இன்னொரு கம்பெனி தயாரித்த தாய்த் தடுப்பூசியின் பரிசோதனை, குறைப்பிரசவம் கூடியதால் 2022இல் நிறுத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற ஊசியை 28 வாரத்துக்குப் பிறகே போடச் சொல்வதிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே ஊசியைக் கேட்கும்போதே பதிவேட்டையும், கண்காணிப்பையும், தாய்மொழியில் விளக்கத்தையும் சேர்த்தே கேட்போம். தளியில் அது தமிழ் மட்டுமல்ல, தெலுங்கும் கன்னடமும்தான்.

இலவசமாக வேண்டும். காலனி அங்கன்வாடியிலேயே வேண்டும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் கர்ப்பிணிக்கு எல்லையின் இரண்டு பக்கமும் கிடைக்க வேண்டும்.

அதுவரை மாணவத் தோழர்கள் ஒன்று செய்யலாம். இரண்டு மாதம் ஆகாத குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால் 108ஐக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். நிலத்துக்கும் கூலிக்கும் போராடக் கற்ற நாம், பிள்ளையின் மூச்சை எண்ணவும் கற்போம்.