கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணி காட்டலாமா?

அண்ணாமலை நகரில் படிக்கும் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஆர்.டி.எக்ஸ் 4090-க்கு வாட்டர் கூலிங் போடப் போறேன். ஃபேன் சத்தம் தாங்கல!" பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. கார்டு விலையே ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

"அவசரப்படாதே மாப்ள" என்றேன்.

அந்தக் கார்டு முழு வேகத்தில் 450 வாட் இழுக்கும். ஆறு சீலிங் ஃபேனுக்கான கரன்ட்! அத்தனையும் வெப்பமாக மாறும். தண்ணீர் அதைச் சிப்பிலிருந்து ரேடியேட்டருக்குச் சுமந்து போகிறது, அவ்வளவுதான். சத்தம் குறையும், கார்டின் சூடும் குறையும். ஆனால், மே மாதத்தில் அறை 38 டிகிரி என்றால், தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. அறையும் குளிராது.

வாட்டர் பிளாக் உங்கள் கார்டு மாடலுக்கே பொருந்துவதாக இருக்கட்டும். ரேடியேட்டர் 360 மில்லிமீட்டராவது வேண்டும். தாமிர பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் அரித்துவிடும். பழைய கூலரைக் கழற்றுமுன் வாரன்டி விதியைப் படித்துவிடுங்கள்.

போர் தண்ணீர் கூடவே கூடாது. கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும், வாளியில் படியும் உப்பே சாட்சி! வெறும் டிஸ்டில்டு வாட்டரிலும் நாளடைவில் பாசி பிடிக்கும். ரெடிமேட் கூலன்ட்தான் நல்லது.

முக்கியமான வேலை லீக் டெஸ்ட். மதர்போர்டு, கார்டு இரண்டின் பவர் கேபிளையும் கழற்றிவிட்டு, பம்ப்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். ஒரு டிஷ்யூவில் ஈரம். ஃபிட்டிங்கில் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லையாம்.

"இன்னும் கரன்ட் கொடுக்கல மாமா!"